மூடி பாதி திறந்த டப்பா: விமான நிலைய லவுஞ்ச் நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

லவுஞ்ச் நிர்வாகிகளுக்கு வணக்கம்.

என் மகளுக்கு ஒன்பது வயது. சீலியாக் நோய் இருக்கிறது. கோதுமை, பார்லி போன்றவற்றில் உள்ள குளூட்டன் என்ற புரதம் கொஞ்சம் உள்ளே போனாலும் அவளுடைய சிறுகுடல் பழுதாகும். இதைக் குணமாக்க மருந்து கிடையாது. ஆயுசுக்கும் குளூட்டன் இல்லாத சாப்பாடு, அதுதான் வைத்தியம்.

போன மாதம் விமானம் ஏறுமுன் காத்திருக்கும் ஒரு லவுஞ்சில் அவளுக்காகக் கொண்டுபோன டப்பாவைத் திறந்தேன். இரண்டு வாய் சாப்பிட்டிருப்பாள். ஒரு பணியாளர் வந்து, "வெளிச் சாப்பாடு இங்கே கூடாதுங்க" என்றார். காரணத்தைச் சொன்னேன். மேலாளரைக் கேட்டு வருகிறேன் என்று போனார். அவர் வரும்வரை என் மகள் ஸ்பூனை உள்ளேயே போட்டு, மூடியைப் பாதி மூடிவைத்து, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சுற்றியிருந்தவர்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் அனுமதி கிடைத்தது. அவள்தான் அப்புறம் சாப்பிடவே இல்லை.

அந்தப் பணியாளர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. 'கூடாது' என்பதை மட்டும் அவருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, யாருக்கு விலக்கு என்பதைச் சொல்லாமல் விட்டது நீங்கள்.

உங்கள் பக்க நியாயம் புரிகிறது. வெளியிலிருந்து வந்த சாப்பாடு கெட்டுப்போயிருந்து ஒருவருக்கு வயிறு கெட்டால், பழி உங்கள் சமையலறைமேல்தான் விழும். மூடிய ஏசி கூடத்தில் ஒருவர் பிரிக்கும் பொட்டலத்தின் வாசனை எல்லோர் மூக்கிலும் ஏறும். வெளி மதுவை நீங்கள் தடுப்பது உரிமம் சம்பந்தப்பட்ட விஷயம், அதில் பேச்சே இல்லை.

ஆனால் "எங்கள் பஃபேயிலேயே எடுத்துக்கொள்ளலாமே" என்கிறீர்களே, அங்கேதான் சிக்கல். ரொட்டித் தட்டில் கிடந்த இடுக்கியே அடுத்த தட்டுக்கும் போகிறது. டோஸ்டர் எல்லோருக்கும் ஒன்றுதான். குளூட்டன் இல்லை என்று சீட்டு எழுதி வைத்தாலும், அந்த இடுக்கியை நம்பி என் பிள்ளைக்குப் பரிமாற முடியாது.

இன்னொன்று. 2006-இல் பல நாடுகளில் கைப்பையில் 100 மில்லிக்குப் பெரிய புட்டியில் திரவம் கொண்டுபோகத் தடை வந்தது. அந்தக் கெடுபிடியிலும் குழந்தை உணவுக்கும் மருந்துக்கும் விலக்கு வைத்தார்கள். பாதுகாப்புச் சோதனையே தாண்டி வந்த டப்பா உங்கள் மேசையில் மாட்டிக்கொள்வது என்ன கணக்கு?

நான் கேட்பது பெரிய செலவு இல்லை. குழந்தை உணவும், உடல்நிலைக்காகக் கொண்டுவரும் உணவும் அனுமதி என்று உங்கள் இணையதளத்திலும் நுழைவு மேசையிலும் இரண்டு வரி எழுதிவையுங்கள். உள்ளே நுழையும்போதே நாங்கள் சொல்லிவிடுகிறோம். மருத்துவச் சான்று எங்கே என்று பத்துப் பேர் முன்னால் கேட்காதீர்கள். யாரையாவது தடுத்தே ஆகவேண்டும் என்றால், குனிந்து மெதுவாகச் சொல்லச் சொல்லுங்கள்.

எங்கள் பங்கும் இருக்கிறது. வாசனை தூக்கலான பதார்த்தம் வேண்டாம், நான்கு நாற்காலியைப் பிடித்து விருந்து விரிக்கவும் வேண்டாம். சிந்தியதை நாமே துடைத்துவிட்டு எழுவோம் என்று சக பயணிகளையும் கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்த மாதம் மறுபடி பயணம் இருக்கிறது. அதற்குள் அந்த இரண்டு வரி வந்துவிட்டால் அச்செடுத்து மகள் கையில் கொடுத்துவிடுவேன்.

இப்படிக்கு,
ஒரு பயணி