தரங்கம்பாடிக் காசோடு டென்மார்க் நோட்டையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் தரங்கம்பாடி பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். கோட்டை, பாதிரியார் சீகன்பால்கு, அந்த ஊரை ஆண்ட டென்மார்க் நாட்டு டேனிஷ்காரர்கள் அங்கே அடித்த காசு எல்லாம் வந்திருந்தது, நல்ல கட்டுரைதான், ஆனால் அதே காலத்தில் அவர்களுடைய சொந்த நாட்டில் காகிதப் பணம் பட்ட பாட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. வெள்ளியோடு புழங்குகிற எங்கள் செவ்வாய்ப்பேட்டைக்காரர்களுக்கு அதில்தான் விஷயமே இருக்கிறது.

பழைய நோட்டு சேர்க்கும் நண்பர் ஒருவர் 1813ஆம் ஆண்டு டேனிஷ் நோட்டு ஒன்றைக் கொலுசுப் பட்டறைக்குக் கொண்டுவந்து காட்டினார். ராஜா படம் கிடையாது. ஒரு பக்கம்தான் அச்சு. எண்ணைப் பேனாவால் எழுதி, கீழே அதிகாரிகள் ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், அந்த மை ஊறிப் பின்பக்கம் பழுப்பாகத் தெரிகிறது. அத்தனை பேர் கையெழுத்துப் போட்டால்தான் ஜனங்கள் நம்புவார்கள் என்ற நிலைமை அன்றைக்கு.

ஏன் அப்படி? 1807இல் ஆங்கிலேயர்கள் கோபன்ஹேகன் மீது குண்டு போட்டார்கள், நெப்போலியன் போரில் டென்மார்க் மாட்டிக்கொண்டது, செலவைச் சமாளிக்க நோட்டாக அடித்துத் தள்ளினார்கள், அதற்கு ஈடாக வெள்ளி இல்லை. 1813 ஜனவரியில் அரசே திவால். தாலர் என்பது அவர்கள் பணம்; பழைய தாலர் 6 கொடுத்தால் புதிய தாலர் 1. போதாதென்று நிலம், வீடு எல்லாவற்றின் மதிப்பிலும் 6 சதவீதத்தைப் புதிய அரசு வங்கிக்கு அடமானமாக எழுதி வாங்கிக்கொண்டார்கள். சம்பாதித்து நோட்டாகச் சேர்த்து வைத்திருந்த குடும்பங்களை நினைத்தால் மனசு கேட்கவில்லை.

அப்புறம் 1818இல் அந்த அரசு வங்கியின் இடத்தில் தேசிய வங்கி வந்தது, அதுவும் தனியார் வங்கியாக. நோட்டை நீட்டினால் வெள்ளி கையில் கிடைக்கும் என்ற நிலை வர 1845 ஆகிவிட்டது. தரங்கம்பாடியையும், வங்காளத்தில் அவர்கள் வைத்திருந்த செராம்பூரையும் சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயர்களிடம் விற்றதும் அதே ஆண்டுதான், இதையாவது உங்கள் கட்டுரையில் சேர்த்திருக்கலாம். 1873இல் சட்டம் போட்டுத் தங்கத்துக்கு மாறி, 1 தாலருக்குப் புதிய பணமான குரோன் 2 என்று கணக்கு வைத்தார்கள்.

சேலத்தில் வெள்ளி விலை ஏறி இறங்குவதைத் தினமும் பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு இந்தக் கதை சட்டென்று புரியும். இதற்கு ஒரு அரைப்பக்கம் ஒதுக்குங்கள். நோட்டின் படத்தைப் பெரிதாகப் போடுங்கள், பின்பக்கம் வெறுமையாக இருக்கிறதே என்று விட்டுவிடாமல் அதையும் பக்கத்திலேயே போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.