கம்ப்யூட்டர் வேகம் பற்றி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

நாகர்கோவில் வடசேரியில் மாடியேறி வந்து, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு அந்தக் குளிர் அறையை எட்டிப் பார்த்தவர்களுக்கு நாங்கள் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. அனிமேஷன் ரெண்டரிங் (படங்களைக் கம்ப்யூட்டர் வரைந்து முடிப்பது), கட்டட டிசைன் கணக்கு, கல்லூரிப் பிள்ளைகளின் சிமுலேஷன் (கம்ப்யூட்டருக்குள்ளேயே செய்து பார்க்கும் சோதனை) என்று உங்கள் வேலைகள்தான் இங்கே எங்கள் வாடகைக் கம்ப்யூட்டர்களில் ராத்திரி பகலாக ஓடுகின்றன.

போன வாரம் ஒரு வாட்ஸ்அப் குழுவில், "மெஷின் வேகத்தைக் குறைச்சிட்டு முழு வேகத்துக்குக் காசு வாங்குறாங்க, திருட்டு" என்று ஒரு செய்தி சுற்றியது. எனக்கே நாலு பேர் அனுப்பினார்கள். சொல்லாமல் குறைத்தது எங்கள் தப்புதான். ஆனால் அந்தத் 'திருட்டு' என்ற சொல்தான் தாங்கவில்லை.

விஷயம் இதுதான். கம்ப்யூட்டருக்குள் கணக்குப் போடும் சிப்பின் வேகத்தைக் கூட்டினால் அதற்குக் கொடுக்கும் வோல்டேஜையும் கூட்ட வேண்டும். மின்செலவோ வோல்டேஜின் வர்க்கத்தில் ஏறும், அதாவது வோல்டேஜ் இரண்டு மடங்கானால் செலவு நாலு மடங்கு. அதனால் கடைசிக் கொஞ்ச வேகத்துக்குத்தான் மீட்டர் தலைதெறிக்க ஓடுகிறது. அந்த நுனியை மட்டும் வெட்டினோம். பல கணக்குகளில் சிப் பாதி நேரம் மெமரியிலிருந்து தரவு வரட்டும் என்று சும்மா நிற்கிறது. மீன் வள்ளம் கரைக்கு வராமல் ஏலக்காரர் எவ்வளவு வேகமாகக் கூவி என்ன?

பிரிட்டனில் எடின்பரோவின் ஆர்ச்சர்2 சூப்பர் கம்ப்யூட்டரிலும் 2022 டிசம்பரில் வழக்கமான வேகத்தை 2 கிகாஹெர்ட்ஸுக்கு (நொடிக்கு 200 கோடித் துடிப்பு) இறக்கினார்கள். அதே வருடம் எக்ஸாஃப்ளாப்பை, அதாவது நொடிக்குப் பத்தாயிரம் கோடி கோடிக் கணக்கு என்ற வேகத்தைத் தொட்ட அமெரிக்காவின் ஃபிரன்டியர் சூப்பர் கம்ப்யூட்டர் அப்போது இழுத்தது சுமார் 21 மெகாவாட். அவர்களே வாட்டை எண்ணும்போது நம்ம பதினாறு மெஷின் எந்த மூலைக்கு?

குறை சொன்ன தம்பியின் ரெண்டரிங்கையே இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தேன். பழைய வேகத்தில் 9 மணி 10 நிமிடம், 26 யூனிட். இப்போது 9 மணி 35 நிமிடம், 21 யூனிட். இழுக்கும் கரண்டு முழுக்கச் சூடாகத்தான் வெளியே வரும், அதைத் தள்ள ஏசிக்குத் தனிக் கரண்டு. அதுவும் குறைந்தது. அந்த 25 நிமிடத்துக்கும் பில் போட்டது உண்மை. அதை இந்த மாதக் கணக்கில் எல்லோருக்கும் கழித்துவிடுகிறோம்.

"முப்பந்தல் பூரா கரண்டு எடுக்குற காத்தாடி சுத்துது, ஒங்களுக்கென்ன கரண்டுக்குப் பஞ்சம் அண்ணாச்சி?" என்று கேட்கிறார்கள். காற்று ஓசிதான், மீட்டர் ஓசியில்லை. 2022 செப்டம்பரில் ஏறிய மின்கட்டணம் அப்புறம் இறங்கவே இல்லை.

ஒக்கி புயல் அடித்த 2017இல் நாள்கணக்கில் கரண்டு இல்லாமல் கிடந்தோம். அப்போதும் வேலையை வேறு ஊருக்குக் கொண்டுபோகாமல் காத்திருந்தவர்கள் நீங்கள். அதை நாங்கள் மறக்கவில்லை. மனமார்ந்த நன்றி.

அப்புறம், ஒன்றாம் தேதியிலிருந்து மெஷின் வாடகை மணிக்கு ஆறு ரூபாய் கூடுகிறது. மாலை 6 முதல் 10 வரை புது வேலை ஏற்றுவதில்லை. விவரம் வாசலில் ஒட்டியிருக்கிறது.

சந்தேகம் உள்ளவர்கள் எப்போது வேண்டுமானாலும் வந்து மீட்டரைப் பார்க்கலாம். படியில் மூன்றாவது கல் ஆடுகிறது, பார்த்து ஏறுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கடைக்காரர்