நஞ்சராயன் குளத்துப் பறவைகளைப் பள்ளி மாணவர்கள் நேரில் பார்த்து வரைய அனுமதி கோரும் மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
சர்க்கார் பெரியபாளையம், திருப்பூர்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், திருப்பூர்.

நகல்: மாவட்ட வன அலுவலர், திருப்பூர்.

பொருள்: நஞ்சராயன் குளம் பறவைகள் சரணாலயம் – மாணவர்கள் குளக்கரையில் அமர்ந்து ஓவியம் வரைய அனுமதி – அந்த ஓவியங்களை ஊர்ச் சுவர்களில் தீட்ட ஏற்பாடு – கரையில் சிமெண்ட் சிலைகளும் வண்ண விளக்குகளும் வேண்டாம் எனக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். இளவயதில் பனியன் கம்பெனிகளுக்கு ஸ்கிரீன் பிரிண்டிங் டிசைன் வரைந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். பிறகு அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியராகி, அந்த வேலையிலேயே ஓய்வு பெற்றேன். குளத்துக்குப் பக்கத்திலேயே குடியிருக்கிறேன்.

ஒருமுறை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம், "குளத்துல இருக்கிற ஒரு பறவைய வரைஞ்சுட்டு வாங்க" என்று சொன்னேன். முக்கால்வாசிப் பேர் ஆரஞ்சு அலகு வைத்த வெள்ளை அன்னத்தை வரைந்து வந்தார்கள். பின்னால் இரண்டு மலை, நடுவில் சூரியன். அந்த அன்னம் நம் ஊர்க் குளத்துக்கு வருவதே இல்லை. காலண்டரிலும் செல்போனிலும் பார்த்த படம் அது. ஒரே ஒரு பெண் மட்டும் தண்ணீரில் இருந்து மெல்லிய கழுத்து ஒன்று நீட்டிக்கொண்டிருப்பதாக வரைந்திருந்தாள். "பாம்பை எதுக்கம்மா வரைஞ்சே?" என்று கேட்டேன். "பாம்பு இல்லீங்க சார், பறவைங்க. ஒடம்பு தண்ணிக்குள்ள இருக்குதுங்க" என்றாள்.

மறுநாள் விடியற்காலையில் கரைக்குப் போய்ப் பார்த்தேன். அவள் வரைந்ததில் ஒரு கோடு கூடத் தப்பில்லை. அது பாம்புத்தாரா. உடம்பை நீருக்குள் அமிழ்த்திக் கழுத்தை மட்டும் வெளியே வைத்து நீந்தும். இறகு நனைந்துவிடும் என்பதால், மீன் பிடித்த பிறகு கிளையில் ஏறி இரண்டு சிறகையும் விரித்துக் காய வைக்கும். அத்தனை வருடம் ஓவியம் சொல்லிக்கொடுத்த நான் அன்றுதான் அதைச் சரியாகப் பார்த்தேன். அதன் பிறகு குளத்தில் உட்கார்ந்து வரையாத வாரம் எனக்கு இல்லை.

வரைய வரைய எனக்குப் பிடிபட்டது ஒன்று உண்டு. ஒரு பறவையின் காலையும் அலகையும் சரியான அளவில் வரைந்தாலே அது நிற்கும் தண்ணீரின் ஆழம் படத்தில் தானாகவே வந்துவிடுகிறது. பவளக்கால் உள்ளானின் நீண்ட சிவப்புக் காலை வரையும் பிள்ளைக்கு, அது இறங்கும் தண்ணீர் ஒரு சாண் ஆழத்துக்குள்தான் என்பது புரியும். தட்டைவாயன் வாத்தின் கரண்டி போன்ற அலகை வரைந்தால், மேல்நீரை அரித்துத் தின்பதற்கே அந்த அலகு என்று தெரியும். நீளவால் இலைக்கோழியின் விரல்களை வரையும்போது பிள்ளைகள் "இவ்வளவு நீளமாங்க சார்?" என்று கேட்பார்கள். மிதக்கும் இலை மேல் நடப்பதற்கான விரல்கள் அவை. அந்த இனத்தில் முட்டையை அடைகாத்துக் குஞ்சு வளர்ப்பது ஆண் பறவைதான் என்று சொன்னால், வகுப்பே கொஞ்ச நேரம் அமைதியாகிவிடும்.

ஆகவே சேறு, சம்பங்கோரை, ஆழமில்லாத ஓரத் தண்ணீர் என எல்லாம் இருந்தால்தான் இத்தனை விதப் பறவைகள் ஒரே குளத்தில் வாழ முடியும். "சேறும் சகதியுமாக் கிடக்குது, சுத்தம் பண்ணணும்" என்று நம் மக்கள் நல்லெண்ணத்தோடு சொல்கிறார்கள். அந்தச் சேறுதான் பறவையின் சோற்றுத்தட்டு என்று எத்தனை அறிவிப்புப் பலகை வைத்தாலும் மனதில் பதியாது. ஒரு தடவை உட்கார்ந்து வரைந்துவிட்டால் பதிந்துவிடும். இந்த மனுவை எழுதத் தூண்டியது அதுதான்.

125.865 ஹெக்டேர் பரப்புள்ள இந்தக் குளம் 2022-ல் தமிழ்நாட்டின் 17-வது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. இங்கே 191 வகைப் பறவைகள் பதிவாகியுள்ளன. இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்தைப் பார்க்க நம் ஊர்க்காரர் வெளிநாடு போக வேண்டியதில்லை, ஊத்துக்குளி ரோட்டில் வந்தால் போதும். ஆனால் ஊருக்குள் ஒருவரை நிறுத்தி நம் குளத்துப் பறவை ஐந்தின் பெயரைக் கேட்டால், கொக்கு, நாரையோடு நின்றுவிடுகிறார்.

இவற்றில் சில பறவைகளுக்குக் காலம் நெருக்கடியாக இருக்கிறது. நம் பக்கத்து நீர்நிலைகளில் பறக்கும் ஆற்று ஆலாவை உலக அளவில் அழிவாய்ப்புள்ள இனமாகச் சிவப்புப் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். அது கோடையில் நீர் வடிந்த மணல் திட்டில் சிறு குழி பறித்து முட்டையிடும், கூடு என்று எதுவும் கட்டாது. நாய் வந்தாலோ, திடீரென்று தண்ணீர் ஏறினாலோ அந்த வருடத்து முட்டை போச்சு. அந்த முட்டையை வரைய மூன்று நாள் முயன்றேன். மண்ணையும் முட்டையையும் பிரித்துக் காட்ட முடியாத நிறம்.

என் கோரிக்கைகளைச் சொல்கிறேன். மாதம் ஒரு சனிக்கிழமை காலையில், ஒரு பள்ளிக்கு இருபது பிள்ளைகளுக்கு மேல் போகாமல், வனத்துறை ஊழியர் ஒருவர் உடன் இருக்க, அவர்கள் காட்டும் இடத்தில் உட்கார்ந்து வரைய அனுமதி வேண்டும். வலசை வாத்துகள் தங்கும் கார்த்திகை முதல் மாசி வரை இதற்கு ஏற்ற காலம். பறவைகள் கூடு வைத்திருக்கும் இடங்களின் பக்கம் நாங்கள் போகவே மாட்டோம். பென்சில், வாட்டர் கலர், அட்டை தவிர வேறெதுவும் கொண்டு வர மாட்டோம்.

அப்புறம் சுவர்கள். சரணாலயத்துக்கு உள்ளே எங்கும் வேண்டாம். ஊத்துக்குளி ரோட்டில் உள்ள பள்ளிகள், அரசு அலுவலகங்களின் வெளிச்சுவர்களில் இந்தக் குளத்தில் பார்த்த பறவைகளை மட்டும், தமிழ்ப் பெயரோடு தீட்ட வேண்டும். வேறொரு ஊரில் குளத்தை ஒட்டிய சுவரில், எந்தக் கண்டத்துப் பறவை என்றே தெரியாத படங்களை வரைந்து வைத்திருப்பதைப் பார்த்து மிகவும் வருந்தினேன். திருப்பூரில் கைத்தேர்ச்சி பெற்ற டிசைன் ஓவியர்களுக்குக் குறைவில்லை. அவர்களுக்கு நியாயமான கூலி கொடுத்து, பிள்ளைகள் வரைந்த படங்களையே பெரிதாக்கித் தீட்டச் செய்தால் போதும்.

முக்கியமான ஒன்று. கலை என்ற பெயரில் கரையில் சிமெண்ட் கொக்கு, செல்ஃபி மேடை, வண்ண விளக்கு எதற்கும் அனுமதி தர வேண்டாம் என்று கை கூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். இரவில் அடையும் பறவைகளுக்கு இருட்டு வேண்டும்.

பிப்ரவரி 2 உலக ஈரநில நாள். அன்று பிள்ளைகளின் படங்களைத் தங்கள் அலுவலக வளாகத்தில் மக்கள் பார்வைக்கு வைத்தால் மிகவும் மகிழ்வேன். பயிற்சி கொடுக்க எனக்கு ஊதியம் எதுவும் வேண்டாம். அழைத்தால் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் என் படங்களோடு நேரில் வருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்.

இணைப்பு: நஞ்சராயன் குளத்தில் வரைந்த 12 ஓவியங்களின் நகல், பாம்புத்தாராவை வரைந்த மாணவியின் படம், அவருடைய பெற்றோர் சம்மதத்துடன்.