ஆண்டறிக்கை: ராயருக்கு முகம் செய்த ஆண்டு

தலைவர் அவர்களுக்கும், மன்றத்தின் மூத்தவர்களுக்கும், உறுப்பினர்களுக்கும், ஏகாம்பரகுப்பத்திலிருந்தும் புத்தூரிலிருந்தும் வந்திருக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

வழக்கமான காரியங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். பொங்கல் விழாவும் பாரதி விழாவும் குறையில்லாமல் நடந்தன. நூலக அறையின் ஒழுகல் அடைக்கப்பட்டது. பிள்ளைகளின் ஞாயிறு தமிழ் வகுப்பு கோடையில் நின்றுபோய் ஆடியில் மறுபடி தொடங்கியது. ஆந்திரத்தில் இருக்கும் நம் நகரியில் தெலுங்கு வழியில் படிக்கும் நம் பிள்ளைகள் தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்க அந்த ஒரு மணி நேரம்தான் இருக்கிறது. பெற்றோர் தயவுசெய்து அனுப்பிவைக்க வேண்டும். மூத்த உறுப்பினர்கள் இருவரை இழந்தோம். இருவர் குடும்பத்துக்கும் நேரில் சென்று துக்கம் விசாரித்தோம்.

இனி, இந்த ஆண்டின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்ட வேலைக்கு, மேடை வேஷத்துக்காக ராயர் முகத்தை வார்த்துச் செய்த வேலைக்கு வருகிறேன்.

திருமலைக் கோயிலில் மகாதுவாரத்தைத் தாண்டியதும் வலது பக்கத்து மண்டபத்தில் கிருஷ்ணதேவராயர், அவர் தேவியர் திருமலாதேவி, சின்னாதேவி மூவரும் கைகூப்பி நிற்கிறார்கள். 1509 முதல் 1529 வரை விஜயநகரத்தை ஆண்ட ராயர், 1513-இல் தொடங்கி ஏழு முறை திருமலைக்கு வந்தவர். அவர் காலத்திலேயே வைக்கப்பட்ட உருவம் அது. நாம் எல்லோரும் அந்த வழியாகத்தான் போகிறோம். ஆனால் கூட்டம் தள்ளும், கண் கருவறைப் பக்கமே இருக்கும், யாரும் நின்று பார்ப்பதில்லை. அந்த உருவத்தை உயிருள்ள ஆளாக மேடையில் நிறுத்த வேண்டும் என்பது நம் கூத்து வாத்தியாரின் நெடுநாள் ஆசை. "ராயர் வேஷம்னா எடுத்து மாட்டறது துரியோதனன் கிரீடம்தான். அவர் தலையில இருக்கறது நீளக் குல்லாய்ப்பா" என்று செயற்குழுவில் சொன்னார். அன்றே தீர்மானம் போட்டோம்.

கோயிலுக்குள் கைபேசிக்கு அனுமதி இல்லை. அதனால் நான்கு பேர் தரிசனத்துக்குப் போய், ஆளுக்கு ஒன்றைப் பார்த்து மனத்தில் வாங்கி வந்தோம். குல்லாய் ஒருவர், கன்னமும் முகவாயும் ஒருவர், கூப்பிய கை ஒருவர், கழுத்து நகை நான். வெளியே வந்ததும் படியில் உட்கார்ந்து தாளில் வரைந்தோம். எனக்கு ஓவியம் வராது. ஆனாலும் அன்று வரைந்த தாளை இன்றும் வைத்திருக்கிறேன்.

சிலை பக்தர் கோலத்தைச் சொல்கிறது. ஆளைச் சொல்வது டொமிங்கோ பயஸ் என்ற போர்ச்சுகீசியர். ராயரை நேரில் பார்த்து எழுதியவர். ராபர்ட் சீவெல் 1900-இல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பை உட்கார்ந்து படித்தோம். நடுத்தர உயரம், சிவந்த மேனி, ஒல்லி என்பதைவிடப் பருமன் என்றே சொல்லத்தக்க உடல், முகத்தில் பெரியம்மைத் தழும்பு. வெள்ளை ஆடை, அதில் பொன்னிழையில் ரோஜாப் பூக்கள், கழுத்தில் வைரம், காலில் செருப்பில்லை.

தழும்பு என்ற இடத்தில் கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. ராயர் முகத்தில் குறை காட்டலாமா, தெலுங்கு நண்பர்கள் மனம் நோகாதா என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கவலைதான். அப்போது நாங்கள் நைனா என்று கூப்பிடும் தறிக்காரப் பெரியவர் எழுந்தார். சின்ன வயதில் அம்மை கண்டவர். "ஆத்தா முத்துப் போட்ட முகம்டா இது. இதுல என்ன குறை? ராஜாவுக்கும் போட்டா, எனக்கும் போட்டா" என்றார். அதற்குமேல் யாரும் பேசவில்லை. என் கருத்தும் அதுவே. தழும்பில்லாத ராயரைச் சினிமாவில் எத்தனையோ முறை பார்த்தாயிற்று.

1975-க்குப் பின் நம் நாட்டில் பெரியம்மை இல்லை. அதனால் இளைஞர்கள் அந்த வடுவை அருகில் பார்த்ததில்லை. நைனா இரண்டு மாலை விளக்கடியில் முகத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். ஒவ்வொரு குழியும் ஒரு மாதிரி. சிலவற்றின் ஓரம் செங்குத்து, சில இரண்டு மூன்றாகச் சேர்ந்தவை, மூக்கைச் சுற்றி அதிகம். வாத்தியார் விரல் நுனியால் தொட்டுப் பார்த்துக்கொண்டே களிமண்ணில் குத்தினார். மற்ற தோலுக்கு ஆரஞ்சுத் தோலை அழுத்தி எடுத்த அச்சே போதுமானதாக இருந்தது.

வேலை நடந்த விதத்தையும் பதிவு செய்ய வேண்டும், அடுத்து செய்பவர்களுக்கு உதவும். ராயராக நின்றவர் ஒல்லியான தம்பி. புருவத்தில் வாசலைன் தடவி, பல் மருத்துவர்கள் அச்சு எடுக்கும் அல்ஜினேட்டைக் குளிர்ந்த நீரில் கரைத்து, மூக்குத் துவாரம் மட்டும் விட்டு முகம் முழுக்கப் பூசினோம். அதன்மேல் மாவுக்கட்டுத் துணி. பார்த்தவர்கள் "புத்தூர் கட்டு போட்டாச்சா?" என்று கேட்டார்கள். அந்த அச்சில் பிளாஸ்டர் ஊற்றித் தம்பியின் தலையை எடுத்து, அதன்மேல் களிமண்ணால் கன்னமும் முகவாயும் ஏற்றினோம்.

தம்பியின் முகத்தில் ஒட்டும் ராயர் முகத்தை முதலில் செலவுக்குப் பயந்து ஜெலட்டினில் செய்தோம். ஒத்திகையில் விளக்குச் சூட்டில் அது இளகி முகவாயிலிருந்து வழிந்துவிட்டது. பிறகு சிலிக்கோன். அது இரண்டு நாளாகியும் இறுகாமல் பிசுபிசுத்தது. பொருள் பழையது என்று நினைத்து மறுபடி வாங்கினோம், அதுவும் அப்படியே. நாம் வாங்கியது பிளாட்டினத்தால் இறுகும் வகை, கந்தகம் பட்டால் அது இறுகாது. நாம் பிடித்துவைத்த களிமண்ணில் கந்தகம் இருந்தது. கையில் போட்ட ரப்பர் உறையும் ஆகாது. களிமண் விற்ற கடையில் இதை யாரும் சொல்லவில்லை. கந்தகமில்லாத களிமண்ணில் முதலிலிருந்து செய்தோம். ஒரு மாதம் வீண். ஆனால் அடுத்த வார்ப்பு ஓரத்தில் வெங்காயச் சருகு கனத்துக்கு வந்தது. தோலோடு சேர்ந்த இடம் தெரியவில்லை.

ஆடைக்கு வெள்ளைத் துணி நம் விசைத்தறியிலேயே நெய்தது. பொன் ரோஜாக்களை மகளிர் குழு கையால் தைத்தது. குல்லாய் அட்டையும் பட்டும்.

விழாவன்று காலை இன்னொரு சோதனை. நல்ல நாள் என்று தம்பி நல்லெண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்தார். முகத்தை ஒட்டும் பசை பிடிக்கவே இல்லை. ராயரே விடியுமுன் நல்லெண்ணெய் குடித்து, உடம்பெல்லாம் பூசி, மண்ணால் செய்த எடைகளைத் தூக்கி, வாள் வீசி, அந்த எண்ணெய் வியர்வையாக வெளியேறும் வரை பயிற்சி செய்வார் என்று பயஸ் எழுதியிருக்கிறார். நமக்கு அவ்வளவு நேரமில்லை. கடலைமாவும் பிறகு ஸ்பிரிட்டும் போட்டுத் துடைத்து, நான்கு மணி நேரத்தில் வாத்தியார் முகத்தை முடித்தார்.

திரை விலகியதும் ராயர் கைகூப்பி, அசையாமல் நின்றார். முன்வரிசையில் இருந்த நைனா எழுந்து மேடைக்கு அருகே போய், ராயர் கன்னத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு தன் கன்னத்தைத் தடவிக்கொண்டார். தெலுங்கு நண்பர்கள் யாரும் மனம் நோகவில்லை. இரண்டு பேர் ராயர் காலில் விழுந்து கும்பிட்டார்கள்.

கழற்றும்போது சிலிக்கோன் முகம் ஓரத்தில் கிழிந்துவிட்டது. அச்சு பத்திரமாக இருக்கிறது. இப்போது ஒரு தறிக்கொட்டகையில் வைத்திருக்கிறோம், மன்றத்திலேயே ஈரம் படாத அலமாரி ஒன்று வேண்டும். வரும் ஆண்டு திருமலாதேவியையும் சின்னாதேவியையும் செய்ய எண்ணம். முகவார்ப்புக்கு உட்காரச் சம்மதமுள்ள பெண்கள் மகளிர் குழுவில் பெயர் கொடுக்கலாம். தோல் ஒவ்வாமை உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், பசையை முன்கையில் தடவிப் பார்த்த பிறகே முகத்தில் போடுவோம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் படிப்பார்.

நன்றி.
செயலாளர், நகரி