பரம்பிக்குளத்து ஆட்களுக்கு ஒரு நன்றி

பரம்பிக்குளம் புலிகள் காப்பகத்தின் ஆனப்பாடி அலுவலகத்தில் இருந்தவர்கள், வழிகாட்டித் தம்பி, வண்டி ஓட்டிய அண்ணன், தூணக்கடவு அணைப் பணியாளர்கள், எல்லாருக்கும் வணக்கம்.

எங்கள் அம்மாவுக்கு யானை, புலி பார்க்கும் ஆசையெல்லாம் இல்லை. உடுமலைப் பக்கம் பி.ஏ.பி. (பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டம்) வாய்க்கால் தண்ணீரில் தென்னை வளர்த்தவர். எங்கள் பாசன மண்டலத்துக்கு எப்போது திறந்துவிடுவார்கள் என்று ஆயுசு முழுக்கக் காத்திருந்த தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று ஒருதரம் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். முழங்கால் வலியோடு காட்டுக்குள் எப்படி என்று நாங்கள்தான் தயங்கினோம்.

சஃபாரி வண்டியின் படி உயரம். யாரும் கேட்காமலே அண்ணன் ஒரு மர முக்காலியைக் கொண்டுவந்து போட்டார். நின்ற இடத்திலெல்லாம் முதலில் இறங்கி அதைப் போட்டது அவர்தான். இதைத் தனியாக எழுதாமல் இருக்க முடியவில்லை.

வழிகாட்டித் தம்பி மலசர் பழங்குடிப் பிள்ளை. கரையில் வாயைப் பிளந்து கிடந்த முதலையைப் பார்த்து அம்மா பயந்தபோது, "உடம்புச் சூட்டைத் தணிக்குதும்மா, கடிக்க இல்லை" என்றார். காட்டெருமைகள், நீர்நாய்கள், கட்டிப்பிடிக்க ஐந்து பேர் வேண்டும் என்கிற கன்னிமாரா தேக்கு எல்லாம் காட்டினார். புலி கண்ணில் படவில்லை. ஊரில் எல்லாரும் அதையே கேட்கிறார்கள், சரி, போகட்டும்.

அணைகள் கேரள மண்ணில், பராமரிப்பு தமிழ்நாட்டுடையது. அங்கே பணியிலிருந்த ஐயா, பரம்பிக்குளத்துத் தண்ணீர் மலைக்குள் சுரங்கம் வழியாகத் தூணக்கடவுக்கு வருவதையும், பக்கத்துப் பெருவாரிப்பள்ளத்தோடு அது சேர்ந்திருப்பதையும், அங்கிருந்து சர்க்கார்பதி மின்நிலையம் போய், பிறகு திருமூர்த்தி அணை வரைக்கும் ஓடுவதையும் விரலால் காற்றில் கோடு போட்டே விளக்கினார். அம்மா குறுக்கே குறுக்கே கேள்வி கேட்டார். கடைமடைக்கு ஏன் பத்துவதில்லை என்றுகூடக் கேட்டார்! அவர் முகம் சுளிக்காமல் பதில் சொன்னார், தேநீரும் கொடுத்தார்.

கிளம்பும்போது அம்மா தம்பியிடம் "சோறுண்டியா கண்ணு?" என்று கேட்டார். அதுவரை அவர் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அண்ணனும் தம்பியும் அம்மாவோடு நிற்கும் படங்களைப் பிரதி போட்டு ஆனப்பாடிக்கு அனுப்பிவிட்டேன். கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் தோப்புத் தேங்காய் ஒரு மூட்டையும் தனியாக வருகிறது, பங்கு போட்டுக்கொள்ளவும்.