விசில் யார் பக்கம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

கல்லூரிக் கூடைப்பந்தில் நடுவர்கள் சொந்தக் களத்தில் ஆடும் அணிக்குச் சாய்கிறார்கள் என்ற புகார் சென்னையில் புதிதன்று. சென்ற மாதம் நகரக் கல்லூரி ஒன்றின் ஆடுகளத்தில், கடைசி இரண்டு நிமிடங்களில், கைகளை நேராக உயர்த்தி அசையாமல் நின்ற விருந்தினர் அணி வீரர்மீது எதிராளி வந்து மோத, விசில் ஊதிய நடுவர் நின்றவருக்கே ஐந்தாவது ஃபவுலை, அதாவது விதிமீறலைக் கொடுத்து வெளியே அனுப்பினார். அது என் மகனின் அணி என்பதால் என் கண்ணும் சற்றுச் சாய்ந்திருக்கலாம்.

ஆயினும் இது தோற்றவர்களின் புலம்பல் மட்டுமன்று. அமெரிக்காவில் 2004-05 பருவத்தின் 365 கல்லூரி ஆட்டங்களை ஆராய்ந்து 2009இல் வெளியான ஆய்வு, ஃபவுல் குறைவாக உள்ள அணிமீதே அடுத்த விசில் விழும் வாய்ப்பு அதிகம் என்றும், விருந்தினர் அணிக்கு ஃபவுல்கள் கூடுதலாகக் கொடுக்கப்படுகின்றன என்றும் கண்டறிந்தது. இதில் கையூட்டு இருக்க வேண்டியதில்லை. பலகையில் தெரியும் ஃபவுல் எண்ணிக்கையைச் சமன்செய்ய மனம் தானாக முனைகிறது, அரங்கின் கூச்சலும் சேர்ந்துகொள்கிறது. விளைவு, எவ்வளவு மோதினாலும் கணக்கு சமனாகிவிடுவதால் முரட்டுத்தனமாக ஆடும் அணிக்கே ஆதாயம்.

போட்டியை நடத்தும் கல்லூரியே நடுவர்களை அழைத்துச் சன்மானமும் தரும் இடங்களில், அப்பொறுப்பைப் பொதுவான குழுவிடம் ஒப்படைத்து, ஆட்டத்தின் காணொளியை நடுவர்களோடு அமர்ந்து பார்க்கும் ஏற்பாட்டை அடுத்த பருவத்துக்குள் செய்ய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வீரரின் தந்தை,
பெரம்பூர், சென்னை.