கொடியேற்றத்தோடு கதையை நிறுத்த வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் இதழில் வெளிவரும் சிறுவர் வரலாற்றுத் தொடரின் கடைசிப் பாகம் 1806ஆம் ஆண்டின் சிப்பாய்ப் புரட்சியைப் பற்றி, வேலூர்க் கோட்டையில் நடக்கப்போகிறது என்ற அறிவிப்பைப் பார்த்ததும் எங்கள் பள்ளியில் ஒரே கொண்டாட்டம். நான் காட்பாடியில் ஏழாம் வகுப்புக்குப் பாடம் எடுப்பவள். எங்கள் நூலகத்தில் இந்தத் தொடரின் முதல் புத்தகத்துக்கு இப்போது அட்டையே இல்லை. அத்தனை கை மாறிவிட்டது.

சென்ற இதழில் ஒரு வாசகர், பிள்ளைகள் படிக்கும் கதை வெற்றியில் முடியட்டும், சிப்பாய்கள் கோட்டையில் கொடியேற்றுவதோடு நிறுத்திவிடுங்கள் என்று கேட்டிருந்தார். அவருடைய அக்கறை புரிகிறது. ஆனால் என்னால் அதை ஏற்க முடியவில்லை. ஜூலை 10 விடியுமுன் தொடங்கிய புரட்சி அன்று பகலிலேயே அடக்கப்பட்டுவிட்டது. கொடி ஏறிய காலையை மட்டும் சொல்லிவிட்டு மிச்சத்தை மறைத்தால், அது நடந்த கதை ஆகாது.

நெற்றியில் சமயக் குறி கூடாது, தாடியை மழிக்க வேண்டும், தோல் சின்னம் வைத்த புதுத் தலைப்பாகைதான் கட்ட வேண்டும் என்று கிழக்கிந்தியக் கும்பினி தன் சிப்பாய்களுக்குப் போட்ட உத்தரவு பிள்ளைகளுக்குச் சட்டென்று புரியும். எதிர்த்தவர்களுக்குச் சவுக்கடி கிடைத்ததும் புரியும். புரட்சிக்கு முந்தின நாள், திப்பு சுல்தானின் குடும்பத்தைக் காவலில் வைத்திருந்த கோட்டை அரண்மனையில் அவர் மகளுக்குக் கல்யாணம். அந்தக் கூட்டத்தில் யார் விருந்தாளி, யார் திட்டத்தோடு வந்தவர் என்று பிரித்துப் பார்க்க முடியாது. ஒரு சாகசக் கதைக்கு இதைவிட என்ன வேண்டும்? முஸ்தபா பேக் என்ற சிப்பாய் முன்கூட்டியே தன் வெள்ளைக்கார அதிகாரியிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். விசாரித்தவர்கள் அவரைப் பைத்தியம் என்று சொல்லிவிட, அவருக்கு விலங்கு மாட்டிவிட்டார்கள். அவர் துரோகியா, இல்லையா? இதை என் வகுப்பில் கேட்டால் ஒரு பீரியட் போதாது.

அப்புறம் வருவதுதான் கஷ்டமான பகுதி. 69ஆம் படையின் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். தூக்கத்தில் இருந்தவர்களையும் நோயாளிகளையும்கூட விடவில்லை. ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு பாய்ந்து வந்தார் கர்னல் கில்லஸ்பி. மேல்விஷாரம், ரத்தினகிரி வழியாக எங்கள் பிள்ளைகள் பஸ்ஸில் போய்வரும் அந்த 25 கிலோமீட்டர்தான். வாயிலைப் பீரங்கியால் தகர்த்து உள்ளே புகுந்ததும், அரண்மனையில் ஒளிந்திருந்த நூறு பேருக்கு மேற்பட்ட சிப்பாய்களை வெளியே இழுத்துச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். பிறகு விசாரணை நடத்தி, சிலரைப் பீரங்கி வாயில் கட்டிச் சிதறடித்தார்கள். ரத்தத்தை விவரிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. இரண்டு பக்கத்துச் சாவையும் சொல்லிவிடுங்கள், போதும். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் தாங்குவார்கள். கோட்டைக்குக் கூட்டிப்போனால் முதலில் அகழியில் முதலை இருந்ததா என்று கேட்கிறார்கள், சரி. அடுத்த கேள்வியே, "மிஸ், அவங்க எல்லாரும் கடைசியில என்ன ஆனாங்க?" என்பதுதான்.

தோல்வி என்றாலும் அதோடு எல்லாம் போய்விடவில்லை. அந்த உடை உத்தரவைக் கும்பினியார் திரும்பப் பெற்றார்கள். சென்னை மாகாண கவர்னர் பெண்டிங்கையும் தளபதி கிரடாக்கையும் லண்டனுக்குத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். திப்புவின் குடும்பத்தைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். கலைக்கப்பட்ட படைகளின் சிப்பாய்கள் எங்கே போனார்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்பதை எழுத்தாளர்தான் கற்பனையில் தேடிப் பிடிக்க வேண்டும். நான் அந்த அத்தியாயங்களுக்காகத்தான் காத்திருக்கிறேன்.

இன்னொரு வேண்டுகோள். புத்தகத்தில் கோட்டையின் வரைபடம் ஒன்று கட்டாயம் போடுங்கள். வாயில், அரண்மனை, படைவீடு எல்லாம் தெரியும்படி பெரிதாக இருக்கட்டும். ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 10 அன்று மக்கான் சந்திப்பு நினைவுத் தூணுக்கு மாலை போடுகிறார்கள். அதற்கு முன்பே புத்தகம் வந்துவிட்டால், வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டே பிள்ளைகளைக் கோட்டைக்குள் சுற்றிக் காட்டிவிடுவேன்.

இப்படிக்கு,
பள்ளி ஆசிரியை ஒருவர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.